கூடுடைய பறவையின் காவல்: ஓர் ஆராய்ச்சியின் வரலாறு

குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டுச் செல்லும் என்பதும், காகம் அதனைத் தன்னதென்றே கருதி அடைகாத்துக் குஞ்சுக்கு இரையூட்டும் என்பதும் ஈழத்திலும் தமிழகத்திலும் சிறுவரும் அறிந்த செய்திகளாம். வடமொழி நிகண்டாகிய அமரகோசம் குயிலுக்குரிய பெயர்களுள் ஒன்றாகப் ‘பரபிருதம்’ என்பதனைக் கூறும். பிறரால் வளர்க்கப்பட்டது என்பது அதன் பொருள். காளிதாசரின் சாகுந்தலத்தில், துட்டியந்தன் சகுந்தலையைப் பழிக்குமிடத்து இச்செய்தியே சான்றாக எடுத்தாளப்படுகின்றது. ஆயின் இவ்வழக்குகளிலெல்லாம் பேசப்படுவது குயிலின் தந்திரமேயன்றிக் காகத்தின் நிலையன்று. ஏமாற்றப்பட்ட பறவை என்ன செய்தது? தன் கூட்டைக் காத்துக்கொள்ள அதற்கு வழியே இல்லையா? இவ்வினாவை மனிதர் முறையாகக் கேட்கத் தொடங்குதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

உலகிலுள்ள பறவையினங்களுள் ஏறக்குறைய நூறு, அஃதாவது நூற்றுக்கு ஒன்று, தாமாகக் கூடு கட்டாமலும் குஞ்சு வளர்க்காமலும் பிற பறவைகளின் கூடுகளையே நம்பி வாழ்வன. இவற்றை அடையொட்டுணிகள் என்பர். இவற்றுட் பெரிதும் ஆராயப்பட்டது ஐரோப்பியக் குயிலாகும். அது கீழைநாட்டுக் கருங்குயிலன்று. சாம்பனிற மேனியும், வரிகளமைந்த மார்பும் உடைய வேறோர் இனம். கருங்குயிலின் குஞ்சு பெரும்பாலும் காகக்குஞ்சுகளுடன் கூடவே வளரும். ஐரோப்பியக் குயிலின் குஞ்சோ கூட்டிலுள்ள பிறவற்றையெல்லாம் அழித்துத் தனித்தே வளரும். ஆகவே அதன் முட்டையை ஏற்கும் சிறு குருவிக்கு அவ்வாண்டின் அந்த ஈட்டு முழுவதும் இழப்பேயாம். இழப்பு இத்துணைப் பெரிதாயிருக்கவும் குருவி வாளாவிருப்பதேன் என்பதே இவ்வரலாற்றின் மூலவினா.

பழையோர் கருத்து

கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் கி. மு. நான்காம் நூற்றாண்டிலேயே குயில் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுதலை எழுதிவைத்தார். குயிற்குஞ்சு கூட்டிலுள்ள பிற குஞ்சுகளை வெளியே தள்ளிவிடும் என்ற செய்தியும் அவர் நூலில் உளது. குயில் இயல்பிற் கோழையாதலின், தன் குஞ்சைக் காக்கும் வலிமை தனக்கில்லையென உணர்ந்து பிறரிடம் ஒப்படைக்கின்றது என்பது அவர் கொண்ட விளக்கம். இங்கும் நோக்கு முழுவதும் குயிலின்மேலதே.

பதினெட்டாம் நூற்றாண்டிலும் நிலைமை பெரிதும் மாறிற்றில்லை. இங்கிலாந்தின் செல்போண் கிராமத்துப் பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான கில்பேட் வைற், குயிலின் செய்கையைத் தாயன்புக்கே இழைக்கப்பட்ட கொடுமையாகக் கண்டார். ஜேர்மனியரான பெக்ஸ்டைன் என்பார் இதற்கு நேர்மாறாக எழுதினார். பெண்குயில் தம் கூட்டை நாடி வருங்காற் சிறு குருவிகள் பேருவகை கொள்கின்றன என்பது அவர் கூற்று. அரசனை விருந்தினனாகப் பெற்ற குடியானவன் மகிழ்வதுபோற் குருவியும் மகிழ்கின்றது என்ற எண்ணமே இதனுள் அமைந்துளது. குருவியின் படபடப்பையும் கீச்சொலியையும் அவர் கண்டது மெய். அதனை உவகையெனக் கொண்டதே பிழை. அஃது உவகையன்று, போர்முழக்கம் என்பது பின்னரே தெளிவாயிற்று.

இவ்வாறு ஒருவர் குருவியை ஏமாளி என்றார். மற்றொருவர் அதனை விரும்பித் தொண்டுபுரியும் ஏவலாள் என்றார். இருவரும் மனித ஒழுக்கத்தைப் பறவையின்மேல் ஏற்றியே தீர்ப்பு வழங்கினர்.

ஜென்னர் கண்ட காட்சி

அம்மை நோய்க்குத் தடுப்பு முறை கண்டு உலகப் புகழ்பெற்ற எட்வேட் ஜென்னர், அதற்கு முன்னரே குயிலை ஆராய்ந்து பெயர்பெற்றவர் என்பது பலர் அறியாதது. குயிற்குஞ்சு வளருங் கூட்டிலிருந்து குருவியின் சொந்தக் குஞ்சுகள் மறைவதேன் என்பதனை அவர் ஆராய்ந்தார். தாய்க்குருவியே தன் குஞ்சுகளை வெளியேற்றி விடுகின்றது என்று தொடக்கத்தில் எண்ணி, அவ்வாறே எழுதி இறோயற் கழகத்துக்கு அனுப்பினார். ஆயின் 1787ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு வேலிக்குருவியின் கூட்டை அணுகி நோக்கியபொழுது அவர் வேறொன்றைக் கண்டார். பிறந்து ஒரு நாளும் நிரம்பாத, கண்திறவாத குயிற்குஞ்சு, தன் முதுகின்மேற் குருவிக்குஞ்சை ஏற்றி, சிறகுகளால் அணைத்துப் பிடித்து, பின்னோக்கி ஏறிக் கூட்டின் விளிம்பிலிருந்து அதனை வீழ்த்திற்று. குஞ்சின் முதுகில் இதற்கேற்ற குழியொன்று உண்டென்பதையும், ஏறக்குறைய 12ஆம் நாளளவில் அக்குழி நிரம்பிவிடும் என்பதையும் ஜென்னர் குறித்தார். தாம் முன் எழுதியதை மீட்டுக்கொண்டு, திருத்திய கட்டுரையை 1788இல் வெளியிட்டார். மறு ஆண்டில் இறோயற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

எனினும் இதனை நம்பாதார் பலர். சார்ள்ஸ் வாட்டர்டன் என்னும் இயற்கை ஆய்வாளர், பிறந்த அன்றே இச்செயல் நிகழ்தல் ஒருபோதும் இயலாதென எள்ளி நகையாடினார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஓவியர் ஜெமைமா பிளாக்பேண் அம்மையார், நெட்டைக்காலிக் குருவியின் கூட்டில் இதே செயலை நேரிற் கண்டு வரைந்து, 1872இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அறிவித்தார். அதன்பின்னரே ஐயம் பெரிதும் அகன்றது.

ஜென்னரின் கண்டுபிடிப்பு ஒரு பழியைத் தீர்த்தது. தாய்க்குருவி தன் குஞ்சைக் கொன்றதில்லை. ஆயின் அதே வேளையில் ஒரு பெரும் புதிரையும் அது தோற்றுவித்தது. தன் குஞ்சுகள் கூட்டின் விளிம்பிலிருந்து வீழ்த்தப்படுகையில் தாய்க்குருவி அருகிருந்தும் தடுப்பதில்லை. பின்னர் அக்கொலைகாரக் குஞ்சையே ஊட்டி வளர்க்கின்றது. இப்புதிர் தீர்தற்கு மேலும் இருநூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

ஒப்புமை தந்த சான்று

1859இல் வெளிவந்த ‘இனங்களின் தோற்றம்’ என்ற நூலிற் சார்ள்ஸ் டார்வின், குயிலின் இயல்பூக்கம் இயற்கைத் தேர்வினால் எவ்வாறு தோன்றியிருத்தல் கூடும் என விளக்கினார். எப்பொழுதேனும் பிறர் கூட்டில் முட்டையிட்ட முன்னோர் அதனாற் பயன்பெற, அப்பழக்கம் வழிவழியாக வலுப்பெற்றது என்றார். இதே வாதத்தைக் கூடுடைய பறவைக்கும் பொருத்திப் பார்த்தால், முட்டையைப் பிரித்தறியும் குருவிக்கே சந்ததி மிகும் என்பது பெறப்படும்.

இதற்குரிய சான்று முட்டைகளிலேயே இருந்தது. ஜேர்மனியரான பால்டமுஸ் 1853இலேயே, குயில்முட்டை தான் இடப்படும் கூட்டின் முட்டைகளை நிறத்தாலும் புள்ளிகளாலும் ஒத்திருத்தலை எடுத்துக்காட்டினார். கேம்பிறிஜ் பேராசிரியர் அல்பிரட் நியூட்டன், குயில்களுள் ஒவ்வொரு குறிப்பிட்ட குருவியினத்தை நாடும் தனித்தனிக் குலங்கள் உள்ளன என்று விளக்கினார். ஆனால் ஒப்புமை ஏன் ஏற்பட்டது? எந்த முட்டையையும் குருவி ஏற்குமாயின், குயில் இத்துணை நுணுக்கமாகப் போலிசெய்ய வேண்டியதில்லை. கள்ள நாணயம் திறமையாக வார்க்கப்பட்டிருப்பின், நாணயத்தைச் சோதித்து வாங்குவோர் உளர் என்பது பொருளன்றோ? குயில்முட்டையின் வனப்பே குருவியின் விழிப்புக்குச் சான்றாயிற்று.

இக்கருத்தை வலியுறுத்தியவர்களுள் ஒருவர் ஸ்டூவட் பேக்கர். அவர் அசாமிற் பொலிசு அதிகாரியாகப் பணிபுரிந்து, இந்தியக் குயிலினங்களின் முட்டைகளைப் பெருந்தொகையாகச் சேகரித்தவர். தம் முட்டைகளை ஒவ்வாத முட்டையைக் கண்ட பறவைகள் கூட்டைத் துறந்து செல்லுதலால், ஒவ்வா முட்டையிடும் குயில்களின் வழி அற்றுப்போகின்றது என்பது அவர் முடிவு. அதே காலத்தில், ஆபிரிக்காவில் இன்று சிம்பாப்வே எனப்படும் நாட்டின் தென்கிழக்கில் வாழ்ந்த சார்ள்ஸ் சுவினர்டன், கருத்தளவில் நில்லாது செயலில் இறங்கினார். பல இனப் பறவைகளின் கூடுகளில் வேற்று முட்டைகளைத் தாமே வைத்து, அவை ஏற்கப்படுகின்றனவா, எறியப்படுகின்றனவா என்று நோக்கினார். 1918இல் வெளியான அவர் கட்டுரையில் மற்றுமொரு நுண்ணிய கருத்தும் இருந்தது. போலி முட்டை பெருகப் பெருக, கூடுடைய பறவைக்குத் தன் முட்டையையே வேறுபடுத்தி அடையாளமிட்டுக்கொள்வது பயன்தரும். குயில் பின்தொடர, குருவி மேலும் விலகும். இவ்வாறு இரண்டும் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் என்றார். இக்கருத்தின் பெருமை நெடுங்காலம் உணரப்படவில்லை.

இதற்கிடையிற் குயில் முட்டையிடும் முறையும் தெளிவாயிற்று. வணிகரான எட்கார் சான்ஸ் என்பவர், 1918 முதலாகச் சில ஆண்டுகள் இங்கிலாந்தின் வூஸ்டர்சயரில் ஒரு புறம்போக்கு நிலத்தில் நெட்டைக்காலிகளின் கூடுகளைக் காவலிருந்து ஆராய்ந்தார். குயில் நிலத்தில் முட்டையிட்டு அலகாற் கௌவிக் கூட்டில் வைக்கின்றது என்ற அக்கால நம்பிக்கையைத் திரைப்படச் சான்றுடன் மறுத்தார். பெண்குயில் நேரே கூட்டில் அமர்ந்து, குருவியின் முட்டையொன்றை அலகால் எடுத்துக்கொண்டு, ஏறக்குறையப் பத்து விநாடிகளுக்குள் தன் முட்டையை இட்டுப் பறந்துவிடும். 1922இல் ஒரே பெண்குயில் 25 முட்டைகள் இட்டதை அவர் கணக்கிட்டார். இத்துணை விரைவும் மறைவும் எதற்கு என்ற வினாவுக்கு விடை பின்னரே கிடைத்தது.

பரிசோதனைக் காலம்

குருவி அந்நிய முட்டையை எவ்வாறு அறிகின்றது? 1925இல் ஜேர்மனியரான பேண்ஹாட் ரென்ஷ், ஒரு குருவியின் கூட்டில் அதன் முட்டைகளை மாற்றி வேறோர் இனத்தின் முட்டைகளை வைத்தார். குருவி பின்னர் தானிட்ட முட்டையையே அந்நியமெனத் தள்ளிற்று. ஆகவே குருவி தன் முட்டையை அறிவதில்லை. கூட்டத்தில் எது ஒவ்வாததோ அதனையே நீக்குகின்றது என அவர் கொண்டார். இது நெடுங்காலம் உண்மையென நிலவிற்று. 1974இல் அமெரிக்கரான ஸ்டீபன் ரொத்ஸ்டைன் இதனை மீளச் சோதித்தார். பூனைபோற் கத்தும் ஓர் அமெரிக்கப் பறவையின் கூட்டில், அதன் முட்டை சிறுபான்மையாகவும் அந்நிய முட்டைகள் பெரும்பான்மையாகவும் இருக்கச் செய்தார். பறவை தன் முட்டையை இருத்திக்கொண்டு பிறவற்றை வீசிற்று. அப்பறவை தான் முதலில் இட்ட முட்டைகளைப் பார்த்து அவற்றின் தோற்றத்தைக் கற்றுக்கொள்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று. அமெரிக்காவில் அடையொட்டுணியாக வாழும் கௌபேர்ட் பறவையின் முட்டைகளைக்கொண்டு அவர் செய்த பரிசோதனைகள், பறவையினங்கள் பெரும்பாலும் இரு வகுப்பின என்பதையும் காட்டின. சில இனங்கள் அம்முட்டையை ஏறத்தாழ எப்பொழுதும் ஏற்கும். சில ஏறத்தாழ எப்பொழுதும் தள்ளும்.

இவ்வழியில் மிக நிறைவான ஆராய்ச்சி, கேம்பிறிஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கொலஸ் டேவிஸ், மைக்கேல் புறூக் ஆகியோராற் செய்யப்பட்டது. கேம்பிறிஜுக்கு அண்மையிலுள்ள விக்கன் சதுப்புநிலத்தில், நாணற்குருவிகளின் கூடுகளில், அவர்கள் வண்ணந் தீட்டிய போலி முட்டைகளை வைத்தனர். 1988இல் வெளியான முடிவுகள் குயிலின் ஒவ்வொரு தந்திரத்துக்கும் பொருள் கற்பித்தன. நிறம் ஒத்த முட்டையைக் குருவி ஏற்றது. ஒவ்வாததைப் பெரும்பாலும் தள்ளிற்று. குருவி தன் முதல் முட்டையை இடுமுன் வைக்கப்பட்ட அந்நிய முட்டை விலக்கப்பட்டது. பாடம்பண்ணிய குயிலின் உருவத்தைக் கூட்டருகிற் கண்ட குருவி, முட்டைகளை மேலும் ஐயுற்றுச் சோதித்தது. ஆகவே குயிலின் போலி நிறம், இடும் காலம், பத்து விநாடி விரைவு யாவும் குருவியின் காவலைக் கடப்பதற்கென அமைந்தவை. சான்ஸ் கண்ட காட்சியின் பொருள் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளின் பின் விளங்கிற்று.

சுவினர்டனின் கருத்தும் மெய்ப்பட்டது. சம்பியா நாட்டிற் கிளயர் ஸ்பொட்டிஸ்வூட் அம்மையாரும் மாட்டின் ஸ்டீவன்ஸ் என்பாரும் ஆபிரிக்கக் கதிர்க்குருவியொன்றை ஆராய்ந்தனர். அவ்வினத்துள் ஒவ்வொரு பெண்குருவியின் முட்டையும் தனக்கேயுரிய நிறமும் கோலமும் உடையது. சிவப்பு, நீலம், வெண்மை, பசுமை எனப் பலவாக வேறுபடும் இவை, ஒருவர் கையொப்பம் மற்றொருவர் கையொப்பத்தை ஒவ்வாததுபோல் அமைந்துள்ளன. அதன் கூட்டை நாடும் குயிற்சில்லை எவ்வாறு போலிசெய்யினும் எல்லாக் கையொப்பங்களையும் ஒருங்கே போலிசெய்தல் இயலாது. நாற்பது ஆண்டுக் காலத்துச் சேகரிக்கப்பட்ட முட்டைகளை ஒப்பிட்டு, இரு தரப்பு முட்டைகளின் தோற்றமும் அக்குறுகிய காலத்துள் மாறியுள்ளமையை அவர்கள் 2012இல் வெளியிட்டனர். ஒன்று மற்றொன்றைத் துரத்தும் ஓட்டம் இன்றும் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது.

முதல் அரண்

முட்டையைச் சோதித்தல் இரண்டாம் அரணேயாகும். பகைவனைக் கூட்டை அணுகவிடாது விரட்டுதலே முதல் அரண். குருவிகள் குயிலைச் சூழ்ந்து கூவித் தாக்குதல் முற்காலந்தொட்டுக் காணப்பட்டதே. ஜஸ்டின் வெல்பர்கன், டேவிஸ் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு தாக்குதல் கூட்டில் முட்டையிடப்படும் ஆபத்தை உண்மையிலேயே குறைக்கின்றது என்று காட்டிற்று. மேலும், அயற்கூட்டார் குயிலைத் தாக்குவதைக் கண்ட நாணற்குருவி, தானும் குயிலைக் கடுமையாகத் தாக்கத் தொடங்கிற்று. அயலார் கிளியுருவைத் தாக்குவதாகக் காட்டியபொழுது அது கிளியைத் தாக்கக் கற்கவில்லை. எதனைப் பகையெனக் கற்கவேண்டும் என்பதற்கும் ஓர் இயல்பான வரம்பு உண்டென்பது இதனால் தெரிகின்றது.

ஐரோப்பியக் குயில், சிறு குருவிகளை வேட்டையாடும் வல்லூறைத் தோற்றத்தால் ஒத்திருத்தல் இவ்வரணைக் குலைப்பதற்கே. வல்லூறெனக் கருதும் குருவி அணுக அஞ்சும். பெண்குயில்கள் சில சாம்பல் நிறத்தனவாயும் சில செந்நிறத்தனவாயும் இருத்தலும் இதனோடு தொடர்புடையது. அயலார் எந்நிறத்துக் குயிலைத் தாக்கக் காண்கின்றனவோ, அந்நிறத்துக் குயிலையே குருவிகள் தாக்கக் கற்கின்றன என்பதனை ரோஸ் தொரோகுட் அம்மையாரும் டேவிசும் 2012இல் நிறுவினர். பலரும் அறிந்த வேடத்தினும் அரிதான வேடமே கள்வனுக்கு உதவும்.

காவலின் விலை

காவல் இத்துணைப் பயனுடையதாயின், எல்லாப் பறவைகளும் அதனைக் கைக்கொள்ளாதது ஏன்? காவலுக்கும் விலையுண்டு என்பதே விடை. ஐயுறும் குருவி சிலவேளை தன் முட்டையையே வீசிவிடும். அந்நிய முட்டையைக் குத்தி நீக்குகையில் தன் முட்டையும் உடைதல் உண்டு. பகையில்லாத இடத்து இவ்விழப்புக்கு ஈடாக எப்பயனுமில்லை.

இதனை இடமாற்றங்கள் நன்கு விளக்குகின்றன. குயில் குடியிராத ஐஸ்லாந்தில் வாழும் நெட்டைக்காலிகளும் வெள்ளை வாலாட்டிகளும், பிரித்தானியாவிலுள்ள தம் இனத்தனவற்றினும் குறைவாகவே அந்நிய முட்டையைத் தள்ளின. பொந்துகளிற் கூடமைப்பனவும், தானியம் ஊட்டிக் குஞ்சு வளர்ப்பனவுமாகிய, குயிலுக்கு ஒருபோதும் பயன்படாத பறவைகள் காவல் உணர்ச்சியே பெரிதும் இன்றியிருந்தன. ஆபிரிக்கத் தூக்கணாங்குருவியொன்று 200 ஆண்டுகளுக்கு முன் ஹிஸ்பானியோலா தீவுக்கும், 1886இல் மொரீசியசுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. அங்கு அதனை ஏமாற்றும் குயில் இல்லை. 2005இல் டேவிட் லாட்டி வெளியிட்ட ஆய்வு, அத்தீவுகளில் அதன் முட்டைகளின் தனியடையாளங்கள் தளர்ந்துபோயினமையை எடுத்துக்காட்டிற்று. பகைவன் நீங்கின் பூட்டும் துருப்பிடிக்கும்.

விக்கன் சதுப்புநிலத்திலேயே இது கண்கூடாயிற்று. 1985இல் அங்குள்ள நாணற்குருவிக் கூடுகளுள் நூற்றுக்கு 26இற் குயில்முட்டை இருந்தது. குயில்கள் அருகியதால், 1995 முதல் 1997 வரையான ஆண்டுகளில் அது நூற்றுக்கு 2 முதல் 6 வரை ஆயிற்று. ஒவ்வாத போலி முட்டையைத் தள்ளும் அளவும் அப்பன்னிரண்டு ஆண்டுகளுள் நூற்றுக்கு 75இலிருந்து 25ஆகக் குறைந்தது. இத்துணை விரைவான மாற்றம் கூர்ப்பினால் மட்டும் நிகழ்ந்ததாதல் அரிது. ஆபத்தின் அளவறிந்து குருவி தன் காவலைக் கூட்டியும் குறைத்தும் கொள்கின்றது என்பதே பொருத்தம்.

காவலுக்கு வேறொரு விலையும் உண்டு. ஒட்டுணி முட்டையைத் தள்ளிய கூட்டை அவ்வொட்டுணியே திரும்பிவந்து அழிக்கலாம் என்று 1979இல் இஸ்ரவேலரான அமொட்ஸ் ஸகாவி கூறினார். கேட்டோர் பலர் இதனைக் கற்பனையெனக் கருதினர். 1995இல் ஸ்பெயினிற் செய்த ஆராய்ச்சியொன்றும், 2007இல் அமெரிக்காவில் ஹூவர், றொபின்சன் ஆகியோர் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதற்கு ஆதரவு தந்தன. அமெரிக்க ஆய்வில், கௌபேர்ட் முட்டை அகற்றப்பட்ட கூடுகளுள் நூற்றுக்கு 56 அழிக்கப்பட்டன; முட்டை ஏற்கப்பட்டவற்றுள் நூற்றுக்கு 6 மட்டுமே அழிந்தன. கப்பம் கட்டுவோனைக் கோழையென்றல் எளிது. கட்டாதான் வீடு எரிந்தமையை அறிந்தோர் அவ்வாறு கூறார்.

குஞ்சின் புதிர்

இனி ஜென்னர் விட்டுச்சென்ற புதிரை நோக்குதல் தகும். முட்டையின் ஒரு புள்ளி வேறுபாட்டையும் அறியும் குருவி, தன்னினும் பன்மடங்கு பெருத்த குயிற்குஞ்சை அறியாததேன்?

குஞ்சின் ஏமாற்று ஒரு காரணம். குயிற்குஞ்சு ஒன்றேயாயினும், ஒரு கூடு நிறைந்த குஞ்சுகள் ஒருங்கே கத்துவதுபோல விரைந்து கத்தி இரையிரக்கும் என்பதனை ரெபெக்கா கில்னர் அம்மையாரும் அவருடன் பணிபுரிந்தாரும் 1999இற் காட்டினர். ஆயினும் ஆழ்ந்த விடையைத் தந்தவர் ஆர்னொன் லோட்டம் என்பார். யப்பானிற் பெருநாணற்குருவிகளை ஆராய்ந்த அவர் 1993இல் வெளியிட்ட வாதம் எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. குருவி தன் முட்டையின் தோற்றத்தை முதல் ஈட்டிற் கற்கின்றது. அப்பொழுதே குயில்முட்டை ஒன்று கலந்திருப்பினும், தன் முட்டைகளும் உடனிருத்தலால் இரண்டையும் தன்னவாகக் கொள்ளும், பிழை சிறிதே. குஞ்சின் நிலை அத்தகையதன்று. குயிற்குஞ்சு பிறவற்றையெல்லாம் அழித்துவிடுதலின், முதல் ஈட்டில் ஏமாந்த குருவி காணுவது அக்குஞ்சு ஒன்றையே. அதனையே தன் குஞ்சின் தோற்றமெனக் கற்குமாயின், பின்வரும் ஆண்டுகளில் தன் சொந்தக் குஞ்சுகளை அந்நியமென ஒதுக்கிவிடும். ஒருமுறை ஏமாந்தால் ஓர் ஈட்டு இழப்பு. கற்றுக்கொண்டு ஏமாந்தால் வாழ்நாள் முழுதும் இழப்பு. ஆகவே குஞ்சின் தோற்றத்தைக் கல்லாதிருத்தலே குருவிக்கு நன்மையாயிற்று. அறியாமை எனத் தோன்றியது, பெருங்கேட்டைத் தவிர்க்கும் சிறுகேடாகும்.

இதுவே முடிந்த முடிபென எண்ணப்பட்ட வேளையில், அவுஸ்திரேலியாவிலிருந்து மாறான செய்தி வந்தது. 2003இல் நயோமி லாங்மோர் அம்மையாரும் உடனாய்ந்தோரும், ஃபேரி ரென் எனப்படும் நீலநிறச் சிறுகுருவிகள், தம் கூட்டில் வளரும் ஒருவகை வெண்கலக் குயிலின் குஞ்சுகளுள் நூற்றுக்கு ஏறக்குறைய 40ஐக் கைவிட்டுச் செல்வதை அறிவித்தனர். அவ்விடத்து அரிதாக வரும் மற்றொரு வெண்கலக் குயிலின் குஞ்சுகளோ யாவும் கைவிடப்பட்டன. குஞ்சு தனித்திருத்தலும் அதன் குரலும் குருவிக்குக் குறிகளாயின. 2010இல், வட அவுஸ்திரேலியாவிற் பணிபுரிந்த யப்பானிய ஆய்வாளர், வேறொரு சிறு குருவி குயிற்குஞ்சை உயிருடன் அலகாற் பற்றிக் கூட்டுக்கு வெளியே எறிதலைக் கண்டனர்.

2012இல் வெளியான செய்தி இன்னும் வியப்புக்குரியது. ஃபேரி ரென் தாய், பொரியாத தன் முட்டைகளுக்கு ஒரு தனிக்குரலிற் பாடுகின்றது. முட்டைக்குள்ளிருக்கும் குஞ்சு அப்பாட்டின் ஒரு கூற்றைக் கற்று, பொரிந்தபின் அதனையே சொல்லி இரையிரக்கின்றது. முட்டைகளைக் கூடுவிட்டுக் கூடுமாற்றியபொழுது, குஞ்சுகள் பெற்ற தாயின் ஒலியையன்றி அடைகாத்த தாயின் ஒலியையே ஒலித்தன; ஆதலின் அது கற்றதேயன்றிப் பிறப்பிலமைந்ததன்று. குயில்முட்டை முந்திப் பொரிதலால், அக்குஞ்சு இப்பாடத்தைக் கேட்கும் காலம் குறைவு. பாசறைக் காவலன் இருளிற் கேட்கும் மறைமொழியைப் போன்றது இக்குரல். தோற்றத்தைக் கற்றலின் ஆபத்தைத் தவிர்த்து, வேறு வழியால் அப்பறவை தன் குஞ்சை அறிகின்றது.

இவ்வாராய்ச்சியின் பயன்

அரிஸ்டோட்டில் முதல் இன்றுவரை நீளும் இவ்வரலாற்றை ஒருங்கு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். குருவி ஏமாளி என்ற தீர்ப்பு, ஒரு கூட்டை ஒரு கணம் மட்டும் நோக்கி வழங்கப்பட்டது. பெருத்த குயிற்குஞ்சின் வாயுள் இரையை வைக்கும் சிறு குருவியைக் கண்டோர், அதற்கு முன் அக்குருவி குயிலை விரட்டியதையோ, எத்தனை முட்டைகளை ஆராய்ந்து தள்ளியது என்பதையோ கண்டதில்லை. அவர்கள் கண்டது தோற்ற போர்க்களத்தின் கடைசிக் காட்சி. வென்ற களங்களில் காட்சியே இல்லை. அங்குக் குருவியின் குஞ்சுகள் இயல்பாக வளர்ந்து பறந்துபோயின.

இதனைத் தெளிவித்தவர்கள் பல திறத்தோர். மருத்துவர், ஓவியர், பொலிசு அதிகாரி, வணிகர் ஆகியோரும் பல்கலைக்கழக அறிஞரோடு இவ்வரிசையில் உளர். அவர்களுட் பேக்கர் போன்றோர் சேகரித்தும், சான்ஸ் போன்றோர் காத்திருந்தும், சுவினர்டனும் அவர்வழி வந்தோரும் வினாவைக் கூட்டினுள்ளேயே வைத்துக் கேட்டும் உண்மையை அணுகினர். குருவி நல்லதா, பேதையா என்று கேட்ட காலமெல்லாம் விடை கிடைத்திலது. எந்த முட்டையை எப்பொழுது தள்ளும், தள்ளினால் அது இழப்பது யாது, பெறுவது யாது என்று கேட்டபொழுதே விடை வந்தது.

எல்லா வினாக்களும் தீர்ந்தனவல்ல. ஜென்னர் ஆராய்ந்த வேலிக்குருவி, நீலநிறமான தன் முட்டைகளின் நடுவே புள்ளியிட்ட குயில்முட்டையை இன்றும் ஏற்று அடைகாக்கின்றது. அது குயிலுக்கு அண்மையில் அகப்பட்ட இனமாதலின் இன்னும் காவல் கல்லவில்லை என்பர் சிலர். அவ்வாறாயின் அதன் பேதைமையும் நிலையான இயல்பன்று. தொடங்காத போரின் அமைதியே அது. சிறியதொரு கூட்டினுள் நிகழும் இக்காவலின் வரலாறு, எளியோரை மதியிலார் எனத் தீர்க்குமுன் அவர் எதனை எதிர்த்து நிற்கின்றனர் என்பதனை முழுதும் அறிதல் வேண்டும் என்ற பாடத்தை ஆராய்ச்சியாளனுக்குக் கற்பிக்கின்றது.